மீன் நிரப்பிய சுட்ட உருளைக்கிழங்கு: முதல் முறை செய்பவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டிசம்பர் வந்தால் மாலை மூன்றரை மணிக்கே பொழுது அடைந்துவிடும். வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது விரல்கள் மரத்துப்போயிருக்கும். நின்று சமைக்கத் தெம்பிருக்காது, ஆனால் சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போயாக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த மாதிரி நாட்களுக்கென்றே ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். பெரிய உருளைக்கிழங்கைத் தோலோடு ஓவனில் போட்டுவிட்டு ஒன்றேகால் மணி நேரம் வேறு வேலையைப் பார்க்க வேண்டியது. வெந்ததும் பிளந்து, உள்ளே பிடித்ததை நிரப்பிச் சாப்பிட வேண்டியது. இங்கிலாந்தில் இதற்கு ஜாக்கெட் பொட்டேட்டோ என்று பெயர். தோல்தான் ஜாக்கெட். இங்கே பேக்ட் டாட்டி என்பார்கள். டாட்டி என்றால் ஸ்காட்ஸ் பேச்சில் உருளைக்கிழங்கு.

கடைகளில் இதற்குள் பெரும்பாலும் சீஸ், பேக்ட் பீன்ஸ், அல்லது மயோனைஸ் போட்டுப் பிசைந்த டூனா மீன் வைத்துத் தருவார்கள். நான் இங்கே சொல்லப்போவது வீட்டில் மட்டுமே சரியாக வரும் ஒன்று: புகை போட்ட ஹாடக் மீனைப் பாலில் வேகவைத்து, கிழங்கின் சதையோடு கலந்து, தோலுக்குள்ளேயே திரும்ப நிரப்பி, இரண்டாம் முறை சுடுவது. இந்த மீனையும் கிழங்கையும் நானாகச் சேர்த்து வைக்கவில்லை. வடக்கே மோரே கடற்கரையில் கல்லன் என்று ஒரு சின்ன மீனவ ஊர் இருக்கிறது. புகை போட்ட ஹாடக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் எல்லாம் சேர்த்து வைக்கும் ஒரு சூப்புக்கு அந்த ஊர்ப் பெயரால் கல்லன் ஸ்கிங்க் என்றே பெயர். அந்த சூப்பில் இருப்பதையெல்லாம் கெட்டியாக்கிக் கிழங்குத் தோலுக்குள் அடைத்தால் என்ன வருமோ, அதுதான் இது.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. இந்தச் சமையலில் எது கெட்டாலும் அது தண்ணீரால்தான் கெடுகிறது. தோலில் தங்கும் ஈரம், சதைக்குள் அடைபடும் ஆவி, மீனிலிருந்து வடியும் பால், டப்பா மீனில் இருக்கும் நீர் எல்லாமே நமக்கு எதிரிதான். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நாம் செய்வது இந்த ஈரத்தை வெளியே அனுப்பும் வேலைதான் என்று நினைத்துக்கொண்டால் பாதி சமையல் வந்துவிடும்.

எனக்கு இது ஒரு கெட்டுப்போன சாப்பாட்டில்தான் புரிந்தது. முதல் தடவை கிழங்குகளை அலுமினிய ஃபாயிலில் அழகாகச் சுற்றி ஓவனில் வைத்தேன். ஓட்டலில் எங்கோ அப்படிப் பார்த்த ஞாபகம். மீன் வேகவைத்த பாலை வீணாக்க மனம் வராமல் முழுவதையும் மசியலில் ஊற்றினேன். தோல் நனைந்த செய்தித்தாள் மாதிரி கையோடு வந்தது, உள்ளே இருந்தது கஞ்சி. கீழ் வீட்டில் இருக்கும் பாட்டி ஏதோ கேட்க வந்தவர் தட்டைப் பார்த்தார், சுருட்டிப் போட்டிருந்த ஃபாயிலைப் பார்த்தார். "இது சுட்டது இல்லை, அவித்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதை நானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எந்தக் கிழங்கு

உருளைக்கிழங்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெந்தால் மாவாக உதிரும். இன்னொன்று வெந்த பிறகும் வழவழவென்று கட்டியாக நிற்கும். நமக்கு வேண்டியது முதல் வகை. அதில் மாவுச்சத்து அதிகம், நீர் குறைவு, சுட்டால் பொலபொலவென்று பிரியும். இரண்டாவது வகை சாலடுக்கும் குழம்புக்கும் நல்லது. சுட்டால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

பிரிட்டனில் இருப்பவர்கள் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட், சிவப்புத் தோல் ரூஸ்டர் இவற்றில் எதையாவது வாங்கலாம். மாரிஸ் பைப்பர் 1966ல் வந்த ரகம். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டிரம்பிங்டன் என்ற ஊரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்த தெருவுக்கு மாரிஸ் லேன் என்று பெயர், அதுதான் கிழங்குக்கு ஒட்டிக்கொண்டது. மீன் அண்ட் சிப்ஸ் கடைக்காரர்கள் விரும்பி வாங்குவதும் இதைத்தான். 'பேக்கிங்' என்று எழுதி நான்கு நான்காகப் பையில் விற்பதை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். பெரியதாக இருப்பதாலேயே அந்தப் பெயர் வாங்கிய கிழங்கு சில சமயம் உள்ளே இருக்கும். பையின் பின்பக்கம் ரகத்தின் பெயர் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடைக்காரரிடம் ரகம் கேட்டால் சிரிப்பார். அங்கே வேறு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் உப்புக்குப் பதினொரு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கில் உப்புக் கரைசல் செய்து, பச்சைக் கிழங்கை அதில் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது போலத்தான் இதுவும், இங்கேயும் மூழ்குவதற்குக் காரணம் அடர்த்திதான். மாவுச்சத்து கூடினால் எடையும் கூடும்.

ஒவ்வொரு கிழங்கும் 280 முதல் 300 கிராம் இருக்கட்டும். அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே அளவாக இருப்பது. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் சிறியது காய்ந்து சுருங்கும்போது பெரியது நடுவில் பச்சையாக இருக்கும். தோல் பச்சை நிறமாக மாறியதும், முளை விட்டதும் வேண்டாம். இந்தச் சாப்பாட்டில் தோலையும் சேர்த்துத்தானே தின்னப்போகிறோம்.

எந்த மீன்

ஹாடக் என்பது வட அட்லாண்டிக் மீன், காட் மீனின் உறவு. வெள்ளைச் சதை, மெல்லிய இனிப்பு. புகை போட்ட மீன் என்றதும் நம்மில் பலருக்கு மாசிக் கருவாடுதான் ஞாபகம் வரும். அது கல் போல இறுகியது, சீவித்தான் போட வேண்டும். ஹாடக் அப்படியில்லை. லேசாக உப்பில் ஊறவைத்து, சூடு இல்லாத குளிர்ந்த புகையில் வைத்து எடுப்பார்கள். தொட்டால் பச்சை மீன் மாதிரியே மெதுவாக இருக்கும். உண்மையில் அது பச்சை மீன்தான், ஆகையால் கட்டாயம் வேகவைக்க வேண்டும்.

கடையில் இரண்டு நிறத்தில் இருக்கும். ஒன்று பளிச்சென்ற மஞ்சள், இன்னொன்று வெளிறிய தந்தம் மாதிரி. மஞ்சள் என்றால் புகை அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம், அது மேலே போட்ட சாயம். சாயமாகப் பயன்படுத்துவதில் நம் மஞ்சளிலிருந்து வரும் குர்குமினும் ஒன்று. மீனுக்கு மஞ்சள் தடவுவதை இவர்களும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள், வாசனையை மட்டும் விட்டுவிட்டு! நான் சாயமில்லாததையே வாங்குவேன். மசியலில் கலந்தபின் மஞ்சள் மீன் கொஞ்சம் செயற்கையாகத் தெரியும். ருசியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

டண்டீயிலிருந்து கடற்கரையோரமாக வடகிழக்கே போனால் ஆர்ப்ரோத் என்ற ஊர் வரும். அங்கே செய்கிற ஆர்ப்ரோத் ஸ்மோக்கி வேறு ரகம். ஹாடக்கை இரண்டிரண்டாக வாலில் சணல் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, மரக்கட்டை நெருப்பின் சூட்டிலும் புகையிலும் முழுதாக வேகவைத்து எடுப்பார்கள். 2004 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். உங்களுக்கு இது கிடைத்தால் கீழே வரும் பாலில் வேகவைக்கும் படி தேவையே இல்லை. முள்ளை எடுத்து உதிர்த்துப் போட்டால் போதும். விலை அதிகம். முதல் முறை செய்து பழகுவதற்கு சாதாரண ஃபில்லெட்டே (நடுமுள் நீக்கிய துண்டு) நல்லது.

வேண்டியவை (நான்கு பேருக்கு)

உருளைக்கிழங்கு 4. புகை போட்ட ஹாடக் 400 கிராம், தோலோடு இருந்தால் நல்லது. பால் 300 மில்லி, கொழுப்பு எடுக்காதது. லீக் ஒன்று, நடுத்தர அளவு. வெண்ணெய் 50 கிராம். நன்றாக முதிர்ந்த செடார் சீஸ் 80 கிராம், துருவியது. கடுகு விழுது ஒரு டீஸ்பூன். பிரிஞ்சி இலை ஒன்று, மிளகு ஏழெட்டு, கல் உப்பு, எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, எலுமிச்சை ஒன்று.

லீக் என்பது பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். கிடைக்காவிட்டால் ஒரு பெரிய வெங்காயம் போதும். லீக் வாங்கினால் நீளவாக்கில் பிளந்து, இதழ்களை விரித்து, குழாயடியில் கழுவ வேண்டும். அடுக்குக்குள் மண் ஒளிந்திருக்கும். கழுவாமல் போட்டால் முதல் வாயிலேயே நறநறவென்று தெரிந்துவிடும்.

கிழங்கைச் சுடுவது

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மின்விசிறி ஓடும் ஓவன் என்றால் 180, காஸ் ஓவன் என்றால் 6ஆம் எண். பதினைந்து நிமிடமாவது சூடேறட்டும்.

கிழங்கைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பத்து நிமிடம் அப்படியே காற்றாட விடுங்கள். தோலில் ஈரம் இருந்தால் முதல் கால் மணி நேரம் ஓவன் அந்த ஈரத்தை விரட்டவே செலவாகும். பிறகு முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஆறேழு இடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்துங்கள். குத்தாத கிழங்கு எப்போதும் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. எப்போதாவது ஒன்று வெடிக்கும். அப்படி வெடித்த ஓவனைத் துடைத்தவர்கள் அதற்கப்புறம் குத்த மறப்பதில்லை.

தட்டில் வைக்காமல் ஓவனின் கம்பித் தட்டிலேயே நேராக வையுங்கள், நடு அடுக்கில். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் மட்டும் வியர்த்து மெதுவாகிவிடும். ஃபாயில் வேண்டாம், எண்ணெயும் இப்போதைக்கு வேண்டாம். பலர் முதலிலேயே எண்ணெய் தடவச் சொல்வார்கள். நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். முதலில் தடவினால் தோல் கொஞ்சம் தோல்செருப்பு மாதிரி ஆகிறது. கடைசி கால் மணி நேரத்தில் வெளியே எடுத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, பொடித்த கல் உப்பைத் தூவித் திரும்ப வைத்தால் மொறுமொறுப்பு நிற்கிறது.

மொத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். கடிகாரத்தைவிடக் கையை நம்புங்கள். துணியால் பிடித்து அமுக்கினால் உள்ளே சரிந்து கொடுக்க வேண்டும். மெல்லிய கத்தியை நடுவில் இறக்கினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தடுத்தாலும் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 99 டிகிரி காட்டினால் சரி. கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் இந்தக் கிழங்குக்குக் கேடில்லை. குறைவாக வெந்ததைப் பின்னால் எதுவும் காப்பாற்றாது.

இப்போது அவசரப்பட வேண்டிய ஒரே இடம். வெளியே எடுத்ததும், சூடு ஆறும் வரை காத்திருக்காமல், உடனே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். குப்பென்று ஆவி வரும். அது வெளியே போகாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து நீராகிச் சதையில் இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் பக்குவமாகச் சுட்ட கிழங்கைப் பத்து நிமிட சோம்பலில் களிமண்ணாக்கிவிடலாம்.

இதை எழுதும்போது எனக்கு லண்டனின் பழைய கிழங்கு வியாபாரிகள் நினைவுக்கு வருகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெருவில் சுட்ட கிழங்கு விற்றுப் பிழைத்தவர்கள் முன்னூறு பேர் இருந்ததாக அந்தக் காலப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ எழுதியிருக்கிறார். ரொட்டிக்கடை அடுப்பில் சுட்டு வாங்கி, அடியில் வெந்நீர் கொதிக்கும் தகரப் பெட்டியில் வைத்துச் சூடாக விற்பார்கள். குளிருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்ளவே வாங்கியவர்களும் உண்டாம். அந்த ஆவியில் கிழங்கின் தோல் எந்தக் கதியில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே செய்து பார்த்திருக்கிறேனே.

மீனை வேகவைப்பது

கிழங்கு வேக இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது மீனைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும்.

முதலில் மீனின் சதைமேல் விரலை ஓட்டிப் பாருங்கள். தலைப்பக்கம் நடுவரிசையில் மயிர் மாதிரி முள் குத்தும். புருவம் திருத்தும் சாமணத்தால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை பிய்யாமல் வரும். வாலை ஒட்டிய துண்டு வாங்கினால் இந்த வேலை பெரும்பாலும் இருக்காது.

அகலமான சட்டியில் மீனைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, பாலை ஊற்றி, பிரிஞ்சி இலையும் மிளகும் போட்டுச் சிறு தீயில் ஏற்றுங்கள். உப்பு போட வேண்டாம். பாலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும், அந்த நிலையிலேயே ஆறு நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரியும், மீன் ரப்பராகும். பிறகு அடுப்பை அணைத்து மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். விரலால் லேசாக அமுக்கினால் சதை இதழ் இதழாக வழுக்கிப் பிரிய வேண்டும். கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையாக மாறியிருக்கும்.

சல்லடைக் கரண்டியால் மீனைத் தூக்கி ஒரு தட்டில் வைத்து, தட்டைச் சாய்த்து வடிய விடுங்கள். தோலை உரித்து, மீதி முள் இருக்கிறதா பார்த்து, பெரிய பெரிய இதழ்களாகப் பிரியுங்கள். மாவாக உதிர்த்துவிடாதீர்கள். சாப்பிடும்போது மீன் மீனாகத் தெரிய வேண்டும். பாலைக் கொட்டிவிடாதீர்கள், வடிகட்டி எடுத்து வையுங்கள்.

இந்த நேரத்துக்குள் இன்னொரு அடுப்பில் லீக்கை மெல்லியதாக நறுக்கி, பாதி வெண்ணெயில் பத்து நிமிடம் சிறு தீயில் வதக்குங்கள். நிறம் மாற வேண்டாம், வாட வேண்டும். அதிலிருந்து விடும் நீர் முழுதும் வற்றி, வெண்ணெய் தனியாகப் பிரிந்து மின்னுவதுதான் அடையாளம்.

கலப்பது, நிரப்புவது

பிளந்த கிழங்கைத் துணியில் பிடித்துக்கொண்டு, டீஸ்பூனால் சதையைச் சுரண்டி எடுங்கள். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சதை இருக்கட்டும், அதுதான் சுவர். ஆசைப்பட்டு அடி வரை சுரண்டினால் ஓட்டை விழும். ஒன்றிரண்டு கிழிந்தால் பரவாயில்லை, நிரப்பிய பிறகு யாருக்கும் தெரியாது. இப்படி வரும் எட்டு வெற்றுக் கூடுகளையும் திரும்ப ஓவனில் பத்து நிமிடம் காய வையுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். மொறுமொறுவென்ற கூட்டுக்கும் தொய்ந்த கூட்டுக்கும் வித்தியாசமே இந்தப் பத்து நிமிடம்தான்.

சதையைச் சூடாக இருக்கும்போதே முள்கரண்டியாலோ பருப்பு மத்தாலோ மசியுங்கள். மிக்ஸி, பிளெண்டர் பக்கமே போக வேண்டாம். பிளேடு சுழலும் வேகத்தில் மாவுச்சத்து வெளியே வந்து போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். மீதி வெண்ணெய், கடுகு விழுது, பாதி சீஸ், வதக்கிய லீக், நிறைய மிளகுத்தூள் எல்லாம் சேருங்கள். அப்புறம் மீன் வெந்த பாலை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக ஊற்றிக் கலந்து பாருங்கள். நாலைந்து போதும். கரண்டியில் அள்ளித் தலைகீழாகப் பிடித்தால் கலவை விழாமல் நிற்க வேண்டும். அதுதான் அளவு. தானாக வழுக்கி விழுந்தால் பால் அதிகம்.

இப்போதுதான் மீனைப் போட வேண்டும். அடியிலிருந்து மேலே புரட்டுவது போல நாலு முறை, அவ்வளவுதான். ருசி பாருங்கள். மீனிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பெரும்பாலும் மேலே உப்பு வேண்டியிருக்காது. நம் நாக்குக்கு ஒரு பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிப் போடலாம், நானும் போடுவேன். மசாலாப் பொடி மட்டும் வேண்டாம். கரம் மசாலா போட்ட ஒரு தடவை புகை வாசனை இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. அந்த வாசனைக்குத்தானே இந்த மீனை விலை கொடுத்து வாங்குகிறோம்.

காய்ந்த கூடுகளில் கலவையைக் குவித்து நிரப்புங்கள், அமுக்காதீர்கள். மேலே முள்கரண்டியால் வரப்பு வரப்பாகக் கீறி விட்டு மீதி சீஸைத் தூவுங்கள். கீறிய மேடுகள்தான் முதலில் சிவந்து கருகலாகும். வீட்டில் எல்லோரும் சண்டை போடுவது அதற்குத்தான். இந்த முறை தட்டில் வைத்து 220 டிகிரியில், மின்விசிறி ஓவனில் 200ல், 15 முதல் 20 நிமிடம். மேலே பொன்னிறமாகி ஓரத்தில் சீஸ் கொப்பளித்தால் எடுத்துவிடலாம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, வெங்காயத்தாள் தூவி, எலுமிச்சைத் துண்டோடு பரிமாறுங்கள். நடுப்பகுதி வெளியே தெரிவதைவிட அதிகச் சூடாக இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் பிளந்து வையுங்கள்.

ஒன்றரை மணி நேரம் இல்லையென்றால்

மைக்ரோவேவில் முக்கால்வாசி வேகவைத்து ஓவனில் முடிக்கலாம். குத்திய ஒரு கிழங்கை அதிக சக்தியில் நாலு நிமிடம், திருப்பிப் போட்டு மூன்று நான்கு நிமிடம். அப்புறம் 220 டிகிரி ஓவனில் இருபது நிமிடம். கிழங்குகளின் எண்ணிக்கை கூடினால் மைக்ரோவேவ் நேரமும் கூடும். மைக்ரோவேவில் மட்டும் முழுதாகச் செய்தால் அது அவித்த கிழங்குதான், பாட்டி சொன்ன மாதிரி. ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 45 நிமிடம் போல ஆகும், பாதியில் ஒரு முறை திருப்ப வேண்டும். ஒரு ஆளுக்கு, இரண்டு ஆளுக்கு அதுதான் சிக்கனம். ஊரில் இருக்கும் சின்ன மின்சார ஓவன்களில் மேல் கம்பி கிழங்குக்கு மிகவும் பக்கத்தில் வரும். கீழ் அடுக்கில் வைத்து, மேல் தோல் கருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கர் இந்த வேலைக்கு ஆகாது.

ஹாடக் கிடைக்காவிட்டால்

புகை போட்ட கானாங்கெளுத்தி பிரிட்டனில் எல்லாக் கடையிலும் பாக்கெட்டில் கிடைக்கும், மேக்ரல் என்று பெயர். அது சூட்டுப் புகையில் வெந்தது, அப்படியே உதிர்த்துப் போடலாம். எண்ணெய் அதிகமான மீன் என்பதால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சைச் சாறு கூட்டுங்கள்.

டூனா என்றால் முறையே வேறு. 145 கிராம் டப்பாவைத் திறந்து வடித்தால் மீன் நூறு கிராம் அளவுக்குத்தான் தேறும். நான்கு பேருக்கு மூன்று டப்பாவாவது வேண்டும். மூடியை வைத்து அமுக்கி வடித்த பிறகு, ஒரு பிடி எடுத்துக் கையாலும் பிழியுங்கள். எவ்வளவு நீர் மிச்சம் இருந்தது என்று அப்போதுதான் தெரியும். மயோனைஸ், ஸ்வீட் கார்ன், பொடியாக நறுக்கிய வெங்காயம் கலந்து, சுட்டுப் பிளந்த கிழங்கின் மேல் குளிர்ச்சியாகவே வையுங்கள். இதை இரண்டாம் முறை ஓவனில் வைத்தால் மயோனைஸ் பிரிந்து எண்ணெயாக ஓடும். கீழே கொதிக்கும் கிழங்கு, மேலே ஜில்லென்ற மீன், அதுதான் இதன் ருசி.

ஊரில் செய்பவர்கள் முந்தின நாள் வறுத்த வஞ்சிரத்தை முள் நீக்கி உதிர்த்துக்கொள்ளலாம். இலங்கையில் டின் மீன் கையில் இருக்கும். சாற்றை முழுதும் வடித்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம் பச்சை மிளகாயோடு வாணலியில் ஈரம் போகப் புரட்டிச் சேர்த்தால் நன்றாகவே இருக்கும். புகை வாசனை வராது, அது வேறு சாப்பாடு.

மீந்தால்

நிரப்பிய கிழங்கை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தின்றுவிடுங்கள். 180 டிகிரியில் 25 நிமிடம், நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும். நிறையச் செய்தால், இரண்டாம் முறை சுடுவதற்கு முன்பே உறையவைக்கலாம். ஒரு மாதம் தாங்கும். அப்படியே எடுத்து 200 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம்.

ஃபாயிலுக்கு நான் எதிரியாக இருப்பதற்குத் தோல் மட்டும் காரணமில்லை. 1994ல் அமெரிக்காவின் டெக்சாஸில் எல் பாசோ நகரத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தது. ஃபாயில் சுற்றிச் சுட்ட கிழங்குகளை அப்படியே வெளியில் ஆறவைத்திருந்து, பிறகு அவற்றைப் பிசைந்து செய்த ஒரு தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்திலிருந்து வந்தது அது. மண்ணிலிருந்து கிழங்கோடு வரும் அந்தக் கிருமியின் வித்துகள் ஓவன் சூட்டுக்குச் சாகாது. ஃபாயிலுக்குள் காற்றில்லை, ஈரம் இருக்கிறது, இதமான சூடும் இருக்கிறது, அதற்கு வேறென்ன வேண்டும். யாராவது ஃபாயிலில் சுட்டே தீருவேன் என்றால், எடுத்தவுடன் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

எடுத்து வைத்த மீன் பால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருக்கும். மறுநாள் ஒரு வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, ஓர் உருளைக்கிழங்கைச் சதுரமாக நறுக்கிப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து, கடைசியில் இந்தப் பாலை ஊற்றிச் சூடேற்றுங்கள். மீன் துண்டு ஏதாவது மீந்திருந்தால் அதையும் போடுங்கள். கல்லன்காரர்கள் மீன் போதாது என்பார்கள். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட ஒரு ஆளுக்குத் தாராளம்.